மூன்று பேர், ஒரு ஈரநிலம்: ஃப்ரீ ஜாஸ் ஆல்பம் செய்யும் முறை

ஃப்ரீ ஜாஸ் என்றால் நிலையான தாளமோ சுர அடுக்கோ கட்டிப்போடாமல், ஒருவரையொருவர் கேட்டு அந்த இடத்திலேயே வாசிக்கும் ஜாஸ். வாத்தியத்தைத் தொடும் முன் கேளுங்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லர் 1964 இல் பதிந்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' அரை மணி நேரம்கூட வராது. சாக்ஸபோன், டபுள் பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். மூன்று தடவை கேளுங்கள், தடவைக்கு ஒரு வாத்தியத்தின் பின்னால் மட்டும் போங்கள். டிரம்ஸ் வாசிக்கும் சன்னி மரே தாளம் போடவில்லை, சிம்பலைச் சலசலக்க விடுகிறார் என்பது அப்போது பிடிபடும். நம் கர்நாடக இசையின் மனோதர்மத்தில், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பதில், ராகமும் தாளமும் வேலியாக நிற்கும். அதை எடுத்துவிட்டால், பிடித்துக்கொள்ள மற்ற இருவரும் வாசிப்பது மட்டும்தான் மிஞ்சும்.

அப்புறம் வெளியே போக வேண்டும். கொழும்புக்கு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது (ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை). மழை பெய்த மறுநாள் காலை பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போய், போனை ஃப்ளைட் மோடில் போட்டு, காற்று இரையாமல் மைக் பக்கம் மெல்லிய சொக்ஸ் ஒன்றை மாட்டி, ஒரே இடத்தில் 20 நிமிடம் பதியுங்கள். பேசக் கூடாது.

இனித்தான் விஷயமே. அதைக் கேட்டுவிட்டுக் குயில் மாதிரி வாசிக்க இறங்காதீர்கள். வயலின், மிருதங்கம், சாக்ஸபோன் என்று நாங்கள் மூவரும் இறங்கினோம், மிருதங்கம்கூடக் கூவப் பார்த்தது. கடைசியில் மீன் சந்தைதான் கேட்டது. எது எப்போது நிறுத்துகிறது என்று கவனியுங்கள். பூச்சி இரைச்சல் ஓயாது. தவளைகள் கூட்டமாகத் தொடங்கிச் சட்டென்று அடங்கும். மீன்கொத்தி ஒரு தடவை கத்திவிட்டுப் பறந்துவிடும். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடத் துண்டு ஒன்றில் மீன்கொத்தியை எடுத்தவருக்கு வாசிக்க மூன்றே வாய்ப்பு. அதுதான் கஷ்டம், கை துறுதுறுக்கும். அடுத்த டேக்கில், அதாவது அடுத்த தடவை பதியும்போது, மாறிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு ஸ்டூடியோ வேண்டாம். போனை நடுவில் வைத்து, வயலினைக் கிட்டவும் மிருதங்கத்தை 3 மீற்றர் தள்ளியும் சாக்ஸபோனை அதற்கும் பின்னாலும் நிறுத்துங்கள். போனில் காட்டும் ஒலி மட்டம் சிவப்பைத் தொடக் கூடாது. எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கடற்கரை ரயில் இரண்டு டேக்குகளைக் கெடுத்தது. மூன்றாவதில் அது வந்ததும் சாக்ஸபோன் வாசித்தவர் மூச்சை நிறுத்தி, போக விட்டுத் தொடர்ந்தார். ஆல்பத்தில் இருப்பது அந்த டேக்தான்.

பதிந்த அன்றே தெரிவு செய்யாதீர்கள், எல்லாம் நன்றாகத்தான் கேட்கும். ஒரு வாரம் விட்டுக் கேட்டு, 35 நிமிடத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். பூங்காவில் பதிந்ததைத் துண்டுகளுக்கு நடுவில் வையுங்கள், அடியில் ஓட விட்டால் சினிமாப் பின்னணி மாதிரி ஆகிவிடும். ஆல்பத்தில் 'இசை' என்று பெயர் போடும் இடத்தில் மூவர் பெயரும், அகர வரிசையில்.