ஏரியாவ மாத்தணும்னு கிளம்புறவங்க செய்யக்கூடாத சில தப்புகள்

எங்க தெரு அசோசியேஷனோட முதல் கூட்டம் ஒரு அபார்ட்மென்ட் மொட்டை மாடியில, ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு நடந்துச்சு. பதினாலு பேர் வந்தோம், பதினாலு பேரும் சொந்த வீட்டுக்காரங்க. அன்னிக்கு போட்ட முதல் தீர்மானமே தெருமுனைல நாறிக்கிட்டு இருந்த குப்பைத் தொட்டிய இடம் மாத்தணும்ங்கறதுதான். மனு குடுத்தோம், ரெண்டே வாரத்துல தொட்டி நகந்துடுச்சு, எல்லாருக்கும் பயங்கர சந்தோஷம். நகந்து போன இடம் பின்னாடி இருக்கற ஹவுசிங் போர்டு பிளாக்கோட வாசல், அதுவும் அவங்க தண்ணி புடிக்கிற குழாய்க்கு பக்கத்துல. மூணாம் நாள் ராத்திரி அங்க இருக்கற பொம்பளைங்க ஒரு பத்து பேர் சேந்து அந்தத் தொட்டிய தள்ளிக்கிட்டே வந்து பழைய இடத்துலயே விட்டுட்டுப் போனாங்க. அதுல ஒரு அக்கா மட்டும் திரும்பி நின்னு, "உங்களுக்கு நாறுனா எங்களுக்கு நாறாதா சார்?"னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு எங்க பதினாலு பேர் கிட்டயும் பதில் இல்ல. அது நடந்து ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சென்னைல நிறைய ஏரியால நண்பர்கள் இப்ப புதுசா அசோசியேஷன் ஆரம்பிக்கறாங்க, என்ன பண்ணலாம்னு கேக்கறாங்க. என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்றதுதான் எனக்கு இன்னும் சுலபமா வருது, ஏன்னா அதுல பாதிய நாங்களே பண்ணிப் பாத்துட்டோம்.

முதல் தப்பு, எல்லாத்துலயும் பெரிய தப்பு, முடிவெடுக்கிற எடத்துல யார் உக்காந்திருக்காங்கன்னு பாக்காம விடறது. நம்ம ஊர் அசோசியேஷன்கள் நிறைய ஓனர்ஸ் அசோசியேஷன்தான், பேர்லதான் குடியிருப்போர் நலச்சங்கம்னு இருக்கும். வாடகைக்கு இருக்கறவங்க சந்தா மட்டும் குடுக்கணும், ஓட்டு கிடையாது. ஹவுசிங் போர்டுல இருக்கறவங்க, பிளாட்ஃபார்ம்ல கடை போட்டிருக்கறவங்க, தெரு கூட்டுறவங்க இவங்களெல்லாம் கணக்குலயே வரமாட்டாங்க. ஆனா ஒரு நாள்ல அந்தத் தெருவ அதிக நேரம் பயன்படுத்தறது யாருன்னு பாத்தா அவங்கதான்.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் அமெரிக்கால இருக்கு. பாஸ்டன் நகரத்துல ராக்ஸ்பரின்னு ஒரு பகுதி, அங்க டட்லி தெரு. எண்பதுகள்ல அந்த ஏரியால கிட்டத்தட்ட 1300 மனை காலியா கெடந்துச்சு, வீட்டுக்காரங்களே இன்சூரன்ஸ் பணத்துக்காக கட்டடத்துக்கு நெருப்பு வெச்சதெல்லாம் நடந்திருக்கு, வெளியூர் லாரிங்க ராத்திரி வந்து குப்பையக் கொட்டிட்டுப் போகும். 1984ல ரைலி ஃபவுண்டேஷன்னு ஒரு அறக்கட்டளை உள்ள வந்து, அங்க வேலை செய்யற தொண்டு நிறுவனங்களயெல்லாம் சேத்து ஒரு நிர்வாகக் குழு திட்டம் போட்டாங்க. நல்ல எண்ணம்தான். 1985 ஆரம்பத்துல அத மக்கள் முன்னாடி கொண்டு போய் வெச்சப்போ, கூட்டத்துல இருந்தவங்க எழுந்து உங்கள்ல எத்தன பேர் இங்க குடியிருக்கீங்கன்னு கேட்டுட்டாங்க. ஏன்னா 23 பேர் குழுவுல குடியிருக்கறவங்களுக்கு வெறும் 4 இடம். அந்த அறக்கட்டளைக்காரங்க செஞ்ச நல்ல காரியம் என்னன்னா, கோச்சுக்கிட்டு எழுந்து போகல. குழுவ மறுபடி அமைச்சாங்க, குடியிருக்கறவங்களுக்கு பெரிய பங்கு குடுத்தாங்க, அதுலயும் கறுப்பினத்தவர், ஆப்பிரிக்கா பக்கம் இருக்கற கேப் வெர்டி தீவுகள்லேந்து வந்தவங்க, லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க, வெள்ளைக்காரங்கன்னு நாலு தரப்புக்கும் ஆள் கணக்கு பாக்காம சமமா இடம் ஒதுக்கினாங்க. எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்கறவங்களே எல்லாத்தயும் முடிவு பண்ணிடக் கூடாதுன்னு யோசிச்சு செஞ்சது அது. நம்ம தெருவுல சாதி, மதம், சொந்த வீடு வாடகை வீடு, மெயின் ரோடு பின் சந்துன்னு எவ்வளவு கோடு ஓடுதுன்னு நமக்கே தெரியும், அப்போ இடத்த பிரிச்சு எழுதி வெக்கறது எவ்வளவு முக்கியம்னு புரியும்.

கூட்ட நேரமும் இதுல அடக்கம். ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு வீட்டு வேலைக்குப் போறவங்க நாலாவது வீட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பாங்க, கறிக்கடை வெச்சிருக்கறவருக்கு அதுதான் வாரத்துலயே முக்கியமான நேரம். நாங்க கூட்டத்த ராத்திரி எட்டரைக்கு ஹவுசிங் போர்டு படிக்கட்டுக்கு மாத்தின முதல் வாரமே நாப்பது பேருக்கு மேல வந்தாங்க.

அடுத்தது, எடுத்த எடுப்புலயே பெரிய பிளான் போடறது. பூங்கா வேணும், சிமெண்ட் ரோடு வேணும், மழைநீர் வடிகால் வேணும், கேமரா வேணும்னு ஒரே மனுல பதினேழு கோரிக்கை எழுதினோம் நாங்க. எதுவுமே நடக்கல, மூணு மாசத்துல வர்றவங்க எண்ணிக்கை பாதியா கொறஞ்சுது. டட்லிகாரங்க 1986ல ஆரம்பிச்சது எங்க தலைல கொட்டாதீங்கன்னு ஒரே ஒரு விஷயம்தான், குப்பை. எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச நாத்தம் அது, மேயர் வரைக்கும் கொண்டு போய், சட்டவிரோதமா நடந்துக்கிட்டு இருந்த, குப்பைய லாரிக்கு லாரி மாத்தி ஏத்தற இடங்கள மூட வெச்சாங்க. அந்த ஜெயிப்புக்கு அப்புறம்தான் மக்கள் உக்காந்து 1987ல முழு ஏரியாவுக்குமான திட்டத்தப் போட்டாங்க. சின்னதா ஒண்ணு, கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு, ஒரு மாசத்துக்குள்ள முடியற மாதிரி ஒண்ணு எடுங்க. எங்களுக்கு அது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல எரியாம இருந்த மூணு தெருவிளக்கு. டியூஷன் முடிஞ்சு வர்ற பொண்ணுங்களுக்கு அந்த மூணு விளக்கு என்னன்னு அவங்க அம்மாக்களக் கேட்டாத்தான் தெரியும்.

வாட்ஸ்அப் குரூப்பயே அமைப்புன்னு நெனச்சுக்கறது இன்னொரு தப்பு. காலை வணக்கம், ஃபார்வர்ட் மெசேஜ், நடுவுல யாரோ தெருநாய் பத்தி எழுத ரெண்டு பேர் சண்டை, அப்புறம் நாலு பேர் குரூப்ப விட்டு வெளிய போவாங்க. தகவல் சொல்றதுக்கு குரூப் போதும். ஆனா ஒருத்தர் ஏன் கூட்டத்துக்கு வரமாட்டேங்கறாருன்னு தெரியணும்னா அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கணும், டீ குடிக்கணும், அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டுக்கணும். இதுக்கு சுருக்கு வழி எதுவும் நான் பாக்கல.

புகார் குடுக்கற விஷயத்த வேகமா சொல்லிடறேன். சென்னை மாநகராட்சியோட 1913க்கு போன் பண்ணினா புகார் எண் குடுப்பாங்க, அத எழுதி வெக்காம விட்டுடாதீங்க. மனு குடுத்தா நகல்ல சீல் வாங்காம வராதீங்க. ஏஇ, அதாவது மாநகராட்சி உதவிப் பொறியாளர், வாய்ல சொன்னத நம்பி ஆறு மாசம் காத்திருக்காதீங்க, தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி எழுதிக் கேட்டா முப்பது நாளுக்குள்ள பதில் குடுக்கணும், வேலையோட எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர் நகல் கைல இருந்தா நம்ம பேசற பேச்சே மாறிடும்.

ஏரியா சபாவ, அதாவது வார்டுக்குள்ள ஏரியா வாரியா மக்கள் உக்காந்து கோரிக்கை வெக்கற கூட்டத்த, கண்டுக்காம விடறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். 1992ல கொண்டு வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தம் மூணு லட்சம் பேருக்கு மேல இருக்கற ஊர்ல வார்டு கமிட்டி இருக்கணும்னு சொல்லுச்சு, நம்ம மாநிலத்துல வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபாவுக்குமான விதிமுறை வந்தது 2022லதான், அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்னிக்கு நகரங்கள்ல ஏரியா சபா கூட்டம் நடந்துச்சு. முப்பது வருஷம் காத்திருந்து வந்த கதவு அது. அதுல போய் உக்காந்து நம்ம கோரிக்கைய தீர்மானமா பதிவு பண்ண வெக்கணும், சும்மா போட்டோ எடுத்துட்டு வந்துடக் கூடாது. கவுன்சிலர் விஷயத்துல ரெண்டு பக்கமும் வழுக்கும். அரசியலே வேண்டாம்னு அவர ஒதுக்கி வெச்சா வேலை நடக்காது, அவருக்கு மாலை போட்டு சங்கத்தயே அவர் கட்சி ஆபீஸா மாத்தினா அடுத்த தேர்தல்ல ஆள் மாறினதும் சங்கமும் போயிடும். எல்லா கட்சிக்காரரும் வரலாம், மேடைல கட்சித் துண்டு வேண்டாம்னு நாங்க ஒரு வழக்கம் வெச்சிருக்கோம், இதுவரைக்கும் யாரும் மீறல.

பணம். சென்னைல 1989ல எக்ஸ்நோராங்கற தொண்டு அமைப்பு ஆரம்பிச்சப்போ தெருவுல இருக்கறவங்களே மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சம் காசு போட்டு, ஒரு ஆள சம்பளத்துக்கு வெச்சு, மூணு சக்கர வண்டியில வீடு வீடா குப்பை எடுக்க வெச்சாங்க, அந்த ஆளுக்கு தெருவ அழகாக்குறவர்னு மரியாதையா ஒரு பேரும் வெச்சாங்க. நெறைய தெருவுல அது ஓடினதுக்குக் காரணம் ஒவ்வொரு வீடும் காசு போட்டதால ஒவ்வொரு வீடும் கேள்வி கேட்டுச்சு. இதுல செய்யக்கூடாத தப்பு கணக்க ஒருத்தர் பாக்கெட்ல வெக்கறது. அவர் எவ்வளவு நேர்மையானவரா இருந்தாலும் சரி, ரசீது இல்லாம வாங்கின அம்பது ரூபா ஒரு நாள் அவர் பேரக் கெடுக்கும். வரவு செலவ மாசம் ஒரு தடவ ஒரு தாள்ல எழுதி மளிகைக் கடை சுவத்துல ஒட்டுங்க. சங்கத்த பதிவு பண்றதுக்கு ஏழு பேர் போதும், அதையும் தள்ளிப் போடாதீங்க.

நமக்கு நாமே திட்டம் பத்தி ஒரு வார்த்தை. மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதிய அரசு போடும், நல்ல திட்டம். ஆனா அந்த மூணுல ஒரு பங்க போட முடிஞ்ச தெருவுக்குத்தான் பூங்கா வரும்னு ஆயிடக் கூடாது, அதனால கூட்டா கேக்கறப்ப காசு உள்ள தெருவும் இல்லாத தெருவும் ஒரே விண்ணப்பத்துல சேந்து போங்க.

பெரிய கம்பெனி சிஎஸ்ஆர் பணத்தோட, அதாவது சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்கற பணத்தோட, வர்றப்ப உடனே சரின்னு சொல்றதும் தப்புதான். எங்க ஏரியாவுல ஒரு நிறுவனம் வந்து சுவரெல்லாம் படம் வரைஞ்சு, சின்னதா ஒரு குழந்தைங்க பூங்கா போட்டுக் குடுத்தாங்க, திறப்பு விழா அமர்க்களமா நடந்துச்சு, ஆறு மாசத்துல ஊஞ்சல் சங்கிலி அறுந்துபோச்சு. யார் மாத்தணும்னு எங்கயும் எழுதல. ஒரு குழந்தைக்கு கை உடைஞ்ச அன்னிக்குத்தான் அந்த ஒப்பந்தத்தயே தேடினோம், அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. பராமரிப்பு யாரு, எத்தன வருஷம், காசு எங்கேந்து, இத எழுதி கையெழுத்து வாங்காம ஒரு செங்கல் கூட வெக்க விடாதீங்க.

பிளாட்ஃபார்ம் கடைங்கள எடுக்கறதுதான் ஏரியாவ சுத்தம் பண்றதுன்னு நெனக்கறவங்க இருக்காங்க. 2014ல வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் குடுக்கற வரைக்கும் அவங்கள அப்பறப்படுத்தக் கூடாது, இதயெல்லாம் கவனிக்கற நகர விற்பனைக் குழுவுல நூத்துக்கு நாப்பது பேராவது வியாபாரிகளா இருக்கணும். சட்டத்த விடுங்க, ராத்திரி பத்து மணிக்கு அந்த இட்லிக் கடை விளக்கு எரியறதாலதான் பொண்ணுங்க பயமில்லாம அந்த முனையக் கடக்கறாங்க.

கடைசியா சொல்லப் போறதுதான் எனக்கு மனசுல அதிகம் உறுத்தறது. ஏரியா நல்லானா வாடகை ஏறும். தெருவ மாத்தறதுக்கு நம்மகூட ராத்திரி கண்ணு முழிச்ச குடும்பம், ரோடு போட்ட அடுத்த வருஷம் வாடகை கட்ட முடியாம வீட்ட காலி பண்ணிட்டுப் போறத நான் ரெண்டு தடவ பாத்துட்டேன். சென்னை இத வேற மாதிரியும் பாத்திருக்கு. கூவம், அடையாறு கரைல இருந்தவங்கள 2000லேந்து பழைய மகாபலிபுரம் ரோடு (ஓஎம்ஆர்) பக்கம் கண்ணகி நகருக்கும் அப்புறம் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போனாங்க. கரை சுத்தமாச்சுன்னு சொல்லலாம், வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பழைய எடத்துலயே இருந்துச்சு, ஆளுங்க மட்டும் தூரம் போயிட்டாங்க. டட்லிகாரங்க இத முன்னாடியே யோசிச்சாங்க. 1988ல நகர நிர்வாகம் அவங்களுக்கு காலி மனைகள கட்டாயமா கையகப்படுத்தற அதிகாரத்தயே குடுத்துச்சு, அமெரிக்காவுல குடியிருக்கறவங்க நடத்தற ஒரு அமைப்புக்கு அப்படிக் கிடைச்சது அதுதான் முதல் தடவ. கெடச்ச நிலத்த அவங்க விக்கல, ஒரு நில அறக்கட்டளை பேர்ல வெச்சுக்கிட்டாங்க. வீடு உங்களுது, கீழ இருக்கற நிலம் 99 வருஷக் குத்தகை, வித்தா இவ்வளவுக்கு மேல விக்கக் கூடாதுன்னு வரம்பு. இன்னிக்கு அந்த நிலத்துல 225க்கு மேல வீடு இருக்கு, சாதாரண வருமானக்காரங்களே இருக்காங்க.

நம்ம ஊர்ல ஒரு தெரு சங்கத்துக்கு அந்த அதிகாரம் எல்லாம் கெடையாது. ஆனா வாடகைக்காரங்களுக்கு சங்கத்துல ஓட்டு குடுக்கலாம், வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல ஏத்த மாட்டோம்னு ஓனர்கள உக்கார வெச்சு பேசலாம், ஹவுசிங் போர்டு கட்டடத்த இடிச்சுக் கட்டறப்ப இருந்தவங்களுக்கே அதே எடத்துல வீடுன்னு எழுதி வாங்க சேந்து நிக்கலாம். எங்க தெருவுல பதினோரு ஓனர் ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்க இன்னும் யோசிக்கறாங்க.

போன தை மாசம் செயலாளர் பொறுப்ப நான் விட்டேன். ஒரே ஆளே வருஷக்கணக்கா இருக்கறதும் தப்புதான், எனக்கு அது ரொம்ப லேட்டா உறைச்சுது. தொட்டிய தள்ளிக்கிட்டு வந்தாங்களே, அந்த அக்காதான் இப்ப செயலாளர். மனு ஃபைல் ரெண்டு, ரசீது புக், கணக்கு நோட்டு எல்லாத்தயும் ஒரு கட்டைப்பைல போட்டு அவங்க வீட்டுல குடுத்தேன். மறுநாள் காலைல போன் பண்ணி, வாடகைக்கு இருக்கற குடும்பங்களோட லிஸ்ட் எங்கன்னு கேட்டாங்க. என்கிட்ட இருந்த லிஸ்ட்ல பாதிப் பேர் கூட இல்ல. இப்போ புதன்கிழமை ராத்திரி ஆனா நாலஞ்சு பேரா கிளம்பி, வாரத்துக்கு ஒரு பிளாக்னு படி ஏறி, ஒவ்வொரு கதவா தட்டி எழுதிக்கிட்டு இருக்கோம்.