இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கருத்தடை எங்கே கிடைக்கும், பிள்ளைகளுக்கு என்ன சட்டம்

ஊரிலிருந்து கிளம்பும்போது என் பெட்டியில் மாலா-டி கருத்தடை மாத்திரை ஆறு அட்டை இருந்தது. ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசி அட்டையில் இரும்புச்சத்து மாத்திரைகள் மட்டும் மிஞ்சியபோதுதான் பயம் பிடித்தது. யாரிடம் கேட்பது? காசு எவ்வளவு ஆகும்? விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வருமா? வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா? இப்படி யோசித்தே இரண்டு வாரம் போய்விட்டது. உங்களுக்கும் அப்படிப் போகக்கூடாது.

முதலில் காசு விஷயம். இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸில் கருத்தடை எல்லோருக்கும் இலவசம். மாத்திரை, ஊசி, கைத் தோலுக்கு அடியில் வைக்கும் இம்பிளான்ட், காப்பர் டி எல்லாமே இதில் அடங்கும். மற்ற மருந்துகளுக்கு உள்ள சீட்டுக் கட்டணம் இதற்குக் கிடையாது. மாணவர் விசா, டிபென்டன்ட் விசா, அகதி விண்ணப்பம், எந்த நிலையில் இருந்தாலும் இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் கருக்கலைப்பு இந்தச் சலுகைக்குள் வராது, அதற்குத் தனி விதிகள் உண்டு.

போகக்கூடிய இடங்கள் மூன்று. நீங்கள் பதிவு செய்திருக்கும் ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், ஒன்று. பாலியல் நல கிளினிக் இன்னொன்று. பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம், கல்யாணமான பெண்களும் அங்கேதான் காப்பர் டி வைத்துக்கொள்கிறார்கள். ஜி.பி.யிடம் பதியாதவர்களும் அங்கே போகலாம். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: தெருமுனை மருந்துக்கடை. 2023 டிசம்பரிலிருந்து, என்.எச்.எஸ்ஸின் கருத்தடைத் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் டாக்டர் சீட்டு இல்லாமலே மாத்திரையைப் புதிதாகத் தொடங்கலாம்.

நானும் கடைசியில் மருந்துக்கடைக்குத்தான் போனேன். மருந்தாளர் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ரத்த அழுத்தமும் எடையும் பார்த்தார். சிகரெட் பிடிப்பீர்களா, கண்முன் மின்னல் வெட்டுவதுபோல் வந்து ஒற்றைத் தலைவலி வருமா, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டு வந்திருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் என் பழைய அட்டையை வாங்கிப் பின்பக்கம் படித்தார். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி. இங்கே மைக்ரோகைனான் 30 என்று வருவதிலும் அதே மருந்து, அதே அளவு. அதனால் ஊரில் சாப்பிட்ட மருந்தின் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். மாலா-டி அட்டையில் 28 மாத்திரை இருக்கும், கடைசி 7 இரும்புச்சத்து. தினமும் ஒன்று போட்டுக்கொண்டே போகலாம், எண்ண வேண்டியதில்லை. சாதாரண மைக்ரோகைனான் அட்டையில் 21தான். 21 முடிந்ததும் 7 நாள் இடைவெளி, எட்டாம் நாள் புது அட்டை. மாதவிலக்கு முழுதாக நிற்கட்டும் என்று அந்த நாளைத் தள்ளிப்போட்டால் கரு தங்கிவிட வாய்ப்பு உண்டு.

இங்கே வந்து காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அது மாத்திரையின் வேலையையும் இம்பிளான்ட்டின் வேலையையும் குறைத்துவிடும்.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் கொடுக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். குழந்தை பிறந்து 21 நாள் ஆனதிலிருந்தே கரு தங்க வாய்ப்புண்டு, மாதவிலக்கு திரும்பியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் ஊரில் இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் முடிந்துவிடும். இங்கே அப்படி இல்லை. சிசேரியனோடு செய்ய வேண்டுமென்றால் கர்ப்பமாக இருக்கும்போதே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் காப்பர் டி, இம்பிளான்ட் போன்றவற்றைத்தான் முதலில் சொல்வார்கள். இம்பிளான்ட் மூன்று வருடம் தாங்கும். காப்பர் டி என்று சொல்லிப் புரியவில்லையென்றால் 'காயில்' என்று சொல்லுங்கள், இங்கே அதுதான் பெயர்.

பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டபின் எடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு நேரம்தான் முக்கியம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 3 நாளுக்குள், யூலிப்ரிஸ்டல் 5 நாளுக்குள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் திட்டத்தில் உள்ள மருந்துக்கடைகளில் இதுவும் இலவசம். ஆனால் எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது, 5 நாளுக்குள் கிளினிக்கில் வைத்துக்கொள்ளும் காப்பர் காயில்தான்.

மொழி தெரியாது என்று கணவரையோ பிள்ளையையோ பேச வைக்காதீர்கள். தெரிந்த பெண் ஒருத்தியோடு ஒருமுறை துணைக்குப் போயிருந்தேன். டாக்டர் கேட்டதற்கெல்லாம் கணவரே பதில் சொன்னார், அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். இன்னொரு குழந்தை இப்போது வேண்டாம் என்று அவள் வாய் திறந்து சொன்னது அந்தப் போனில்தான். மொழிபெயர்ப்பாளர் இலவசம். பெண் டாக்டர் வேண்டும் என்றும் கேட்கலாம். கணவரின் சம்மதம் எதற்கும் தேவையில்லை, அவரும் அதே ஜி.பி.யிடம் போகிறவர் என்றாலும் நீங்கள் பேசியதை அவரிடம் சொல்ல மாட்டார்கள்.

இனி பிள்ளைகள். இங்கே உடலுறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது 16. ஆனால் 16 ஆகாத பெண்ணும் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் கருத்தடை வாங்க முடியும். விக்டோரியா கில்லிக் என்ற தாய் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1985ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், ஐவரில் மூவர், அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றிலிருந்து டாக்டர் பார்ப்பது இதுதான்: சொல்வது அந்தப் பெண்ணுக்குப் புரிகிறதா, பெற்றோரிடம் சொல்ல அவளைச் சம்மதிக்க வைக்க முடிகிறதா, மருந்து கொடுக்காவிட்டால் அவளுக்குக் கெடுதலா. பெற்றோரிடம் பேசச் சொல்லி முதலில் எடுத்துச் சொல்வார்கள். அவள் மாட்டேன் என்றால் ரகசியம் காப்பார்கள். யாராவது அவளை மிரட்டுகிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்று தோன்றினால் மட்டும் மற்ற அதிகாரிகளிடம் சொல்வார்கள், முடிந்தவரை அவளிடம் சொல்லிவிட்டே. 13 வயதுக்குக் கீழ் என்றால் கதை வேறு. அந்த வயதில் சம்மதம் என்பதையே சட்டம் ஏற்காது, குழந்தைப் பாதுகாப்புத் துறை உள்ளே வரும்.

எனக்கும் பெண் இருக்கிறாள், இதைப் படித்தால் உங்களுக்கு வயிறு கலங்கும் என்று தெரியும். ஆனால் பையில் மாத்திரை அட்டை கண்டதும் கையை ஓங்காதீர்கள். அதிக உதிரப்போக்குக்கும் தாங்க முடியாத வயிற்றுவலிக்கும் முகப்பருவுக்கும்கூட டாக்டர்கள் இதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள். முதலில் கேளுங்கள். ஆண் பிள்ளைகளிடமும் பேசுங்கள். இளையோருக்குப் பல ஊர்களில் சி-கார்டு என்ற திட்டத்தில் ஆணுறை இலவசமாகக் கிடைக்கிறது.

கிளினிக்கில் தொடர்பு விவரம் கேட்கும்போது, வீட்டுக்குக் கடிதம் வேண்டாம், குறுஞ்செய்தி வேண்டாம் என்று சொல்லலாம், எழுதிக்கொள்வார்கள். ஜி.பி. வரவேற்பில் உரக்கக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 'விமன்ஸ் ஹெல்த்' என்ற இரண்டே சொல் போதும்.