40 சதவீதம் இல்லையென்றால் பள்ளியும் இல்லையா?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்கு வந்திருந்தார் ஓர் அம்மா. துணைக்கு நானும் போயிருந்தேன். "சட்டைப் பொத்தானை அவனே போடுவானா?" என்று டாக்டர் கேட்டார். "எல்லாம் போடுவான் சார்" என்றார் அம்மா. வெளியே வந்ததும் குனிந்து, அவிழ்ந்து கிடந்த இரண்டு பொத்தான்களை அவரேதான் போட்டுவிட்டார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் அந்த அறையில் சொல்லும் பதிலையும் வைத்துத்தான் குறைபாடு எத்தனை சதவீதம் என்று போடுவார்கள். சாப்பாடு, கழிப்பறை, பேச்சு, தூக்கம் என்று எதில் உங்கள் கை வேண்டியிருக்கிறதோ, அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது, சான்றிதழ் வந்த பிறகு பள்ளியில் சேர்க்கலாம் என்று ஒரு வருடத்தைத் தொலைப்பது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். சரி, 35 சதவீதம் என்று வந்தால்? அப்போதும் அரசுப் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற பள்ளியோ குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. சதவீதம் பல சலுகைகளுக்கான கணக்கு, பள்ளி வாசலுக்கான சீட்டு இல்லை.

"இங்கே வசதி இல்லை, சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் அப்படியே திரும்பி வராதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் ஒன்றியத்தில் கல்வித் துறை நடத்தும் வட்டார வள மையத்துக்குப் போங்கள். மேலூரோ திருமங்கலமோ, அங்கே சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு; பலர் அதைக் கேட்பதே இல்லை. அங்கும் நடக்கவில்லையென்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைத் தேர்வு நெருங்கும்போது கேட்டால் கைகூடாது. ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள்.

"அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாராம்" என்று காத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த வாரமே காது கேட்கிறதா என்று பரிசோதியுங்கள்.