வெப்பமான ஊருக்கு வந்தபின் பாம்புப் பயத்தைக் குறைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

அயர்லாந்திலோ ஐஸ்லாந்திலோ வளர்ந்த ஒருவருக்குப் பாம்பென்றால் பயம் என்றால், அதனால் அவருக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அந்த நாடுகளின் மண்ணுக்குச் சொந்தமான பாம்பே கிடையாது. நீண்ட குளிர்காலம் உள்ள மற்ற இடங்களிலும் பாம்புகள் பல மாதங்கள் மண்ணுக்கடியில் முடங்கிக் கிடக்கும். பயமும் அப்படியே ஒரு மூலையில் சும்மா கிடக்கும். வெப்பமான ஊருக்குக் குடிவந்ததும்தான் அது வாடகை கேட்க ஆரம்பிக்கிறது. முதலில் மாலை நடை நின்றுபோகும். பிறகு தோட்டத்துப் பக்கம் போவது குறையும். பிறகு இருட்டியதும் வாசல் விளக்கைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே தண்ணீர்க் குழாய், பெல்ட், காய்ந்த கொடி எல்லாமே பாம்பு.

உங்களைப் பாம்பைக் கையில் எடுக்க வைப்பது இந்த விளக்கத்தின் நோக்கமல்ல. பாம்பைக் கண்டால் நிற்க வேண்டும், பின்வாங்க வேண்டும், செய்யவேண்டியதைச் செய்துவிட்டு அன்றைய வேலையைத் தொடர வேண்டும். அவ்வளவுதான். எச்சரிக்கையை வைத்துக்கொள்வோம், ஒதுங்கிப் போவதை விடுவோம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் எச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு: டார்ச் எடுத்தாயிற்று, காலணி போட்டாயிற்று, கிளம்பலாம். ஒதுங்கிப் போவதற்கு அப்படி எல்லை கிடையாது.

படி 1: எதைக் கண்டு பயம் என்று எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து “பாம்புக்குப் பயம்” என்று எழுதாமல், அதற்குள் இருப்பதை எழுதுங்கள். சிலருக்கு “கடித்தால் செத்துவிடுவேன்” என்பது பயம். சிலருக்குக் கடி ஒரு பொருட்டே அல்ல. அந்த நெளிவும் பளபளப்பும்தான் உடலைக் கூச வைக்கும், படத்தில் பார்த்தாலும் அதே கூச்சம். இன்னும் சிலர் பயப்படுவது தங்களைக் கண்டுதான்: “பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவேன், கத்திவிடுவேன், கை கால் ஓடாது.” முதல் வகைக்குத் தகவல் உதவும். மற்ற இரண்டுக்கும் எவ்வளவு படித்தாலும் பலன் குறைவு. அவற்றுக்குப் பழக்கம்தான் மருந்து. பலருக்கு மூன்றும் கலந்திருக்கும். எது அதிகம் என்று தெரிந்தால் எந்தப் படியில் கூடுதல் நாள் செலவிட வேண்டும் என்பது தெரியும்.

இது உங்கள் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். 1980களில் சூசன் மினேகா, மைக்கேல் குக் என்ற இரு உளவியலாளர்கள் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆய்வு செய்தார்கள். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயமில்லை. ஆனால் வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதைக் காட்டியதும் அவையும் சீக்கிரமே பயப்படக் கற்றுக்கொண்டன. வீடியோவை ஒட்டி வெட்டி, அந்தக் குரங்கு பூவைப் பார்த்து அலறுவது போலக் காட்டியபோது பூப் பயம் ஒட்டவில்லை. பாம்புப் பயத்தைப் பற்றிக்கொள்ள மூளை ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னொன்றும் உண்டு: அவர்கள் பாம்பைப் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

படி 2: உங்கள் பகுதிப் பாம்புகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

உலகில் சுமார் 4,000 வகைப் பாம்புகள் இருக்கின்றன. அவற்றில் 600 அளவில்தான் விஷமுள்ளவை. மனிதருக்குப் பெரிய ஆபத்து விளைவிப்பவை அதிலும் குறைவு. உங்கள் வீட்டைச் சுற்றி வாழக்கூடியவை அநேகமாக விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும். வனத்துறையோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகமோ வெளியிட்ட பட்டியலைத் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் போதும்: எப்படி இருக்கும், பகலில் வருமா இரவிலா, எங்கே தங்கும், தொந்தரவு செய்தால் என்ன செய்யும்.

முக்கோணத் தலையென்றால் விஷம், வட்டக் கண்மணியென்றால் விஷமில்லை என்ற சுருக்கு வழிகளை நம்ப வேண்டாம். நாகங்களுக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம்தான். விஷமே இல்லாத மலைப்பாம்புக்குக் கண்மணி செங்குத்துக் கீற்று. வகை தெரியாத பாம்பை விஷமுள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்ப ஊரில் பாம்புக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு. அதன் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது; வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதனால் இதமான மாதங்களில் காலை வெயிலில் பாறையிலோ பாதையிலோ காய்ந்துகொண்டிருக்கும். கொளுத்தும் கோடையில் பகலெல்லாம் பொந்தில் இருந்துவிட்டு அந்தியிலும் இரவிலும் கிளம்பும். கனமழைக்குப் பின் வளைகளில் தண்ணீர் நிறைந்தால் மேட்டைத் தேடி வரும். “எப்போது வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் வரும்” என்ற நினைப்புத்தான் பயத்துக்குப் பெரிய தீனி. நேரமும் இடமும் தெரிந்ததும் அதில் பாதி கரைந்துவிடும்.

இன்னும் சில செய்திகள். பாம்பு உங்களை முறைப்பதில்லை, அதற்கு இமை கிடையாது. நாக்கை நீட்டுவது மிரட்டலல்ல, மோப்பம் பிடிக்க. அது இரையை மெல்லாமல் முழுதாக விழுங்கும் உயிர். மிகப் பெரிய மலைப்பாம்புகளை விட்டுவிட்டால் மனிதன் அதற்கு இரையே அல்ல. விஷம் அதற்கு வேட்டைக்கு வேண்டிய சரக்கு. அதைச் செலவிடாமல் வெறுமனே கடித்துவிட்டுப் போவதும் உண்டு. அதற்காகக் கடித்தபின் “இது வெறும் கடியாக இருக்கும்” என்று யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்தப் படியை இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். நள்ளிரவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பாம்புக் காணொளி பார்ப்பது படிப்பல்ல, பயத்தைச் சொறிந்துவிடுவது.

படி 3: வீட்டை ஒருமுறை சரிசெய்துவிட்டு நிறுத்துங்கள்

பாம்பு உங்களைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் நிழலையும் தேடி வருகிறது. எலி வரும் வழியை அடைத்துவிடுங்கள். விறகு, பழைய ஓடு, செங்கல் குவியலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் பட்டை அடியுங்கள், வடிகால் வாய்க்கு வலை போடுங்கள், புல்லை ஒட்ட வெட்டுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம். வெளியே விட்ட காலணியை உதறிவிட்டுப் போடுங்கள். கண் போகாத இடத்துக்குள் கையை விடாதீர்கள். இந்தக் கடைசி ஒன்று மட்டும் பழகிவிட்டாலே ஆபத்தில் பெரும்பங்கு குறையும் என்பது என் கணிப்பு.

கந்தகம், பூண்டு, கடையில் விற்கும் விரட்டிப் பொடிகள் எவற்றையும் நம்பி இருக்க முடியாது. மீயொலிக் கருவியும் வீண். பாம்புக்குக் கேட்பவை தாழ்ந்த ஒலிகள்தாம்.

இதற்கெல்லாம் ஒரு வார இறுதி போதும். அதன்பின் நாளுக்கு ஒருமுறை, படுக்கும் முன் ஒரு சுற்றுப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொருமுறை கட்டிலுக்கடியில் குனிவது எச்சரிக்கை ஆகாது. ஒவ்வொரு முறை குனியும்போதும் “ஆபத்து இருக்கிறது, நல்லவேளை பார்த்தேன்” என்று மூளைக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

படி 4: கடித்தால் என்ன செய்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

பாம்புக்கடி விளையாட்டல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இதனால் இறக்கிறார்கள். 2017இல் அந்த நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இறப்புகளில் பெரும்பாலானவை மருத்துவமனை எட்டாத கிராமப்புறங்களில், சிகிச்சை தாமதமாவதால் நேர்பவை. விஷமுறிவு மருந்து 1890களிலிருந்தே இருக்கிறது. ஆகவே முதலில் உங்கள் வீட்டிலிருந்து எந்த மருத்துவமனையில் அது இருக்கிறது, எப்படிப் போவது என்று விசாரியுங்கள். அந்த எண்ணும் ஆம்புலன்ஸ் எண்ணும் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பர் ஒருவரின் எண்ணும் தாளில் இருக்கட்டும்.

அதே தாளில் இதையும் எழுதுங்கள்: கடிபட்டவர் ஓடக் கூடாது, கடிபட்ட கை காலை அசைக்கக் கூடாது. மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குமுன் கழற்ற வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, பனிக்கட்டி வைக்கக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஆஸ்திரேலியா போன்ற சில இடங்களில் அழுத்தக் கட்டுப் போடச் சொல்வார்கள். எல்லா வகைப் பாம்புக்கும் அது பொருந்தாது என்பதால் உங்கள் நாட்டு மருத்துவ அறிவுரை எதுவோ அதையே எழுதுங்கள்.

படி 5: ஏணி கட்டி ஏறுங்கள்

முக்கிய வேலை இங்கேதான். பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகும் முறையை 1958இல் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் ஒழுங்குபடுத்தினார். 1969இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடனிருந்தவர்களும் பாம்புப் பயம் முற்றியவர்களையே வைத்துப் பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் முதலில் செய்துகாட்டி, பிறகு பயப்படுபவரையும் கூட இருந்து செய்யவைத்த முறைக்குத்தான் அதில் அதிகப் பலன் கிடைத்தது. ஆகவே முடிந்தால் பாம்புக்குப் பதறாத ஒரு நண்பரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேலி செய்பவர் வேண்டாம்.

நோட்டில் பத்துப் பன்னிரண்டு செயல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்தின் அளவை 0 முதல் 100 வரை போடுங்கள். ஒரு மாதிரி ஏணி:

– பாம்பின் கோட்டோவியத்தை வரைவது: 15
– சிறிய புகைப்படத்தைப் பார்ப்பது: 25
– திரை முழுக்கத் தலையின் நெருக்கப் படம்: 40
– ஊரும் பாம்பின் காணொளி, ஒலியில்லாமல். பிறகு ஒலியோடு: 50
– ரப்பர் பாம்பைக் கையில் எடுப்பது: 55
– அதை வீட்டார் எங்கோ வைத்திருக்க, நீங்களே கண்டெடுப்பது: 65
– உரித்துப் போட்ட பாம்புச் சட்டையைத் தொடுவது (பிறகு கை கழுவுங்கள்): 70
– உயிரியல் பூங்காவில் கண்ணாடிக்குப் பத்தடி தள்ளி நிற்பது: 75
– கண்ணாடிக்கு ஒட்டி நிற்பது: 90

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். காட்டுப் பாம்புக்கு மட்டும் இந்த ஏணியில் இடமே இல்லை. வெளியே திரியும் பாம்பை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள்.

ஒரு படியில் ஏறும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதுங்கள்: “ஒரு நிமிடம் பார்த்தால் வாந்தி வரும்.” பிறகு பாருங்கள். கண்ணை மூடாமல், வேறு எதையும் எண்ணாமல், பத்துப் பதினைந்து நிமிடம். முடிந்ததும் நடந்ததை எழுதுங்கள். நெஞ்சு படபடத்திருக்கும், உள்ளங்கை வியர்த்திருக்கும், வாந்தி வந்திருக்காது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை உடல் தானே கண்டுகொள்வதுதான் பயிற்சி. பயம் முழுதாக இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. உச்சியில் இருக்கும்போது மட்டும் எழுந்து ஓடாதீர்கள். ஓடினால் தப்பித்ததுதான் பாடமாகப் பதியும்.

அதே படத்தை அலுப்புத் தட்டும்வரை பாருங்கள். இந்த வேலையில் அலுப்பைவிட நல்ல அறிகுறி இல்லை. பிறகு படத்தை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், அறையை மாற்றுங்கள். மது அருந்திவிட்டோ தூக்க மாத்திரை போட்டுக்கொண்டோ ஏறினால் அந்தத் துணிச்சல் உங்களுடையதாகாது.

கீழ்ப்படியிலேயே மூச்சுத் திணறினாலோ, மாதக்கணக்கில் வெளியே போகாமல் இருந்தாலோ தனியாக முயல வேண்டாம். உளவியல் மருத்துவரிடம் போங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989இல் எழுதிய ஒரே அமர்வுச் சிகிச்சை அதிகபட்சம் மூன்று மணி நேரம்தான் எடுக்கும். இத்தகைய பயங்கள் சிகிச்சைக்கு நன்றாக மசிபவை.

படி 6: சந்திப்பை ஒத்திகை பாருங்கள்

ரப்பர் பாம்பைப் பாதையில் போட்டுவிட்டு நடந்து வாருங்கள். கண்டதும் நில்லுங்கள். அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மெதுவாகப் பின்னால் நகர்ந்து குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விடுங்கள், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள். வெளியே என்றால் பெரும்பாலும் அதுவே போய்விடும். வீட்டுக்குள் என்றால் அந்த அறையை மூடி, கதவிடுக்கில் துண்டைச் செருகி, மீட்பரைக் கூப்பிடுங்கள். அடிக்கப் போவதும் பிடிக்கப் போவதும்தான் பல கடிகளுக்குக் காரணம். வெட்டுண்ட தலைகூடக் கடிக்கும். இதைக் கால் தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். “கை கால் ஓடாது” என்று நோட்டில் எழுதியவர்களுக்கு இந்தப் படிதான் உயிர்நாடி.

படி 7: விட்ட இடங்களைத் திரும்பப் பிடியுங்கள்

ஒதுங்கிப்போன இடங்களைப் பட்டியலிட்டு, எளிதானதிலிருந்து தொடங்குங்கள். பகலில் தோட்டம், பிறகு அந்தியில் தோட்டம், பிறகு டார்ச்சோடு மாலை நடை. ஒருநாள் உண்மையான பாம்பு குறுக்கே போகும். 30க்கு இறங்கியிருந்த பயம் அன்று 80க்கு எகிறும். இது எல்லாருக்கும் நடப்பது. ஏணி உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முடிந்தால் மறுநாளே அதே பாதையில், அதே காலணியோடு நடந்துவிடுங்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் அந்த இடம் மறுபடி பட்டியலில் ஏறிக்கொள்ளும்.

குளிர்ந்த மாதங்களில் பாம்பு கண்ணில் படுவது குறையும். பயிற்சியும் விட்டுப்போகும், அடுத்த கோடையில் பழைய பதற்றம் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அந்த மாதங்களில் எப்போதாவது ஏணியின் நடுப்படி ஒன்றை எடுத்துச் செய்துகொள்ளுங்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் கதவிடுக்கையும் வடிகால் வலையையும் ஒருமுறை பார்த்து, சுவரில் ஒட்டிய தாளில் உள்ள எண்கள் இன்னும் வேலை செய்கின்றனவா என்று கூப்பிட்டுப் பாருங்கள்.