பையன்களுக்குப் பந்து பழக்க வரும் தம்பிகளுக்கு

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் அணி சேர்த்தால் முதல் வேலை, அப்பாமார்களைத் திடலின் மறுகோடிக்கு அனுப்புவது. "கோல் போடுடா!" என்று யாராவது கத்திக்கொண்டே இருந்தால் எந்தப் பையனுக்கும் கால் ஓடாது.

எனக்கு இதில் வழிகாட்டி நம் காற்பந்தையே பழக்காத மனிதர்: 2024-ல் ஓய்வு பெற்ற அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநர் நிக் சேபன். அவர்களுடையது ஹெல்மெட் போட்டு மோதும் ஆட்டம். 1998-ல் மிச்சிகன் ஸ்டேட் அணியை முதலிடத்தில் இருந்த ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக இறக்கும்போது, ஸ்கோரை மறந்து அடுத்த ஏழு வினாடியை மட்டும் ஆடச் சொன்னார். அங்கே ஆட்டம் ஒவ்வொரு நகர்வுக்கும் நின்று நின்று தொடங்கும்; ஒரு நகர்வு சில வினாடிதான். 24-9 என்று பின்தங்கியவர்கள் 28-24 என வென்றார்கள். அவர் கணக்கில் மொத்தம் ஏழு தேசியப் பட்டங்கள்.

அதை நம் திடலுக்கு இப்படிக் கொண்டுவாருங்கள். நான்கு மூலையிலும் சிலிப்பர் வைத்து, 20 மீட்டருக்கு 15 மீட்டர் கட்டம். நாலுக்கு நாலு. பந்து பறிபோனதும் நீங்கள் ஏழு வரை உரக்க எண்ணுங்கள். அதற்குள் மீட்டால் ஒரு புள்ளி. கோலுக்குப் புள்ளியே கிடையாது (முனகுவார்கள், முனகட்டும்). ஒருவன் மட்டும் துரத்த, மற்ற மூவரும் இடுப்பில் கை வைத்து நின்றால் உடனே விசில். மூன்று நிமிடம் ஆடியதும் தண்ணீர்.

மாற்று ஆட்டக்காரர் விஷயத்தில் தைரியம் வேண்டும். 2018 ஜனவரியில், அலபாமா அணியோடு ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தில் 13-0 என்று பின்தங்கியபோது, சேபன் முதன்மை ஆட்டக்காரர் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து முதலாண்டு மாணவன் துவா டாகோவைலோவாவை இறக்கி வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் துவாவுக்குக் காயம். ஹர்ட்ஸ் இறங்கி, அதே ஜார்ஜியா அணியை வீழ்த்தினார். ஆகவே வெளியே எடுத்த பையனை உங்கள் பக்கத்திலேயே உட்காரவையுங்கள். அவனிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருங்கள். கோபத்தோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போனவன் அடுத்த வாரம் வரமாட்டான்.

மாநில அணி எப்போது கூப்பிடும் என்று கேட்கும் தம்பிகளே, சேபன் 1973-ல் உதவியாளராகத் தொடங்கி, 1990-ல்தான் கல்லூரி அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்றுநர் ஆனார். அதுவரை விசிலைக் கழுவி வையுங்கள்.

மாலையில் இடி கேட்டால் உடனே எல்லாரையும் கட்டடத்துக்குள் ஏற்றுங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகாமல் எவனும் திடலில் கால் வைக்கக் கூடாது, மறுநாள் இறுதியாட்டமாக இருந்தாலும்.