சாய்வாக இழுக்கும் விசை: செங்குத்துக் கூறை விட்டுவிடாதீர்கள்

ஒரு பொருளின் மீது வெவ்வேறு திசைகளில் செயல்படும் விசைகளின் எண்மதிப்புகளை அப்படியே கூட்டிவிடாமல், ஒவ்வொன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அச்சுகளின் வழியே கூறுகளாகப் பிரித்த பின்னரே கூட்ட வேண்டும். இதை அறிந்தவர்களும் தவறுகிற இடம் ஒன்று உண்டு.

சொரசொரப்பான கிடைத்தளத்தில் நகர்ந்துகொண்டிருக்கும் 10 கிலோகிராம் பெட்டியை, கிடைமட்டத்திற்கு மேல் 37° சாய்ந்த கயிற்றால் 50 நியூட்டன் விசையுடன் இழுப்பதாகக் கொள்வோம். கொசைன் 37° ஏறத்தாழ 0.8, சைன் 37° ஏறத்தாழ 0.6 என்பதால், கிடைக்கூறு 40 நியூட்டன், செங்குத்துக் கூறு 30 நியூட்டன். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டால் பெட்டியின் எடை 100 நியூட்டன். ஆனால் கயிறு பெட்டியைச் சற்றே மேல்நோக்கித் தாங்குவதால், தளம் தரும் செங்குத்து எதிர்விசை 70 நியூட்டன் மட்டுமே. இயக்க உராய்வுக் குணகம் (உராய்வு, எதிர்விசையில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்) 0.2 எனில் உராய்வு 14 நியூட்டன், நிகர விசை 26 நியூட்டன், முடுக்கம் 2.6 மீ/வி². எதிர்விசையை 100 என்றே எடுத்துக்கொண்டவருக்கு 2 மீ/வி² என்ற தவறான விடைதான் கிடைக்கும்.

சைனா, கொசைனா என்ற ஐயம் எழுந்தால், கோணம் சுழியாகிவிட்டதாக மனத்தில் எண்ணிப் பாருங்கள்: அப்போது மறைந்துபோகும் கூறுக்கே சைன் உரியது. கோணம் செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்கப்பட்டிருந்தாலும் இச்சோதனை பிழையின்றி வழிகாட்டும். சாய்தளக் கணக்குகளில் ஓர் அச்சைத் தளத்தின் வழியே வரைந்துகொண்டால், பெரும்பாலும் எடையை மட்டும் பிரித்தால் போதும்.