வெளிநாட்டிலிருந்து வந்து காரைக்குடியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

மே மாதம் வந்துவிட்டால் சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருந்த குடும்பங்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்து இறங்கிப் பள்ளி தேடுகின்றன. முன்னால் வந்தவர்கள் எதில் இடறினார்களோ அதிலேயே இவர்களும் இடறுகிறார்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து வை, போட்டோ நாலு வை என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவை இங்கே இல்லை.

பெயர் எழுதுவதைப் பள்ளி அலுவலகத்திடம் விட்டுவிடுவது

பெரிய தவறு இதுதான். சேர்க்கை நாளன்று பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் தடுத்துவிடலாம். அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது எரிச்சலாக வருகிறது.

இந்தப் பக்கம் மூத்த பையனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைத்துவிட்டு, வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். முன்னால் விலாசம் வேறு, அதாவது முன்னோர் பெயர்களின் முன்னெழுத்து இரண்டு மூன்று. வெளிநாடு போனதும் விலாசம் உதிர்ந்து, அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறிவிடும். லெட்சுமணன் மகன் அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் இரண்டு பெயரும் தனித்தனி வரியில் இருக்கும். துபாய்ப் பள்ளிச் சான்றிதழில் ‘அண்ணாமலை லெட்சுமணன்’ என்று ஒரே தொடராக இருக்கும். இங்கே எழுத்தர் ‘ல. அண்ணாமலை’ என்று எழுதுவார். அப்பத்தா கூட வந்திருந்தால் ‘அரு. ராம. லெ. அண்ணாமலை’ ஆகிவிடும். ஆங்கில எழுத்திலும் இதே கூத்துதான். மலேசியாவில் பதிவான லெட்சுமிக்கு ஓர் எழுத்துக்கோவை, இங்கே ஆதாரில் உள்ள லட்சுமிக்கு வேறு ஒன்று. மெய்யப்பன், வள்ளியம்மை, அழகப்பன் எல்லாருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

அன்றைக்கு யாருக்கும் உறுத்தாது. சேர்க்கைப் பதிவேட்டில் எழுதியதுதான் எமிஸில் (தமிழக அரசு மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கணினித் தளம்) ஏறும். மாநிலப் பாடத்திட்டத்தில் எமிஸ் விவரத்தை வைத்தே பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும், அதிலிருந்து மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். ஆதாரில் உள்ள பெயரும் பள்ளியில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அபார் எண் (மத்திய அரசு ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) உருவாகாமல் நிற்கும். பிள்ளை பள்ளியில் படிக்கும்போதே கண்டுபிடித்தால் தலைமையாசிரியர் வழியாகத் திருத்த இடமுண்டு. சான்றிதழ் அச்சான பிறகு என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை மனு கொண்டு அலைய வேண்டும்.

ஆகவே முதலில் பாஸ்போர்ட்டை மேசையில் வையுங்கள். அதில் உள்ள எழுத்துதான் அளவுகோல், மற்ற எல்லாம் அதற்கு ஒத்துவர வேண்டும். முன்னெழுத்து வேண்டுமானால் ஒன்று போதும். அது பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா அல்லது அம்மா பெயரின் முதலெழுத்தாக இருக்கட்டும். விலாசத்தைக் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்திலும், பக்கத்தில் தமிழிலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ‘ல’வா ‘லெ’யா என்று அங்கேயே முடிவாகட்டும். அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், சேர்க்கைப் பதிவேட்டின் வரியையே காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய் எமிஸ் திரையில் உள்ளதையும் சரிபாருங்கள்.

பிறந்த தேதியும் அப்படியே. அமெரிக்க ஆவணத்தில் 04/07/2019 என்றால் ஏப்ரல் 7. இங்கே ஜூலை 4 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வகுப்பை ஊர்க் கணக்கில் கேட்பது

மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31-க்குள் 5 வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31 அன்று 6 நிறைந்திருக்க வேண்டும். 2020 மே மாதம் பிறந்த பிள்ளைக்கு 2026 ஜூனில் மாநிலக் கணக்குப்படி இரண்டாம் வகுப்பு வயது. கேந்திரிய வித்யாலயாவிலோ ஒன்றாம் வகுப்புக்கே இன்னும் வயது வரவில்லை. எந்தப் பாடத்திட்டம் என்று முடிவு செய்யாமல் வகுப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே 7 வயது ஆகும் ஆண்டின் ஜனவரியில்தான் தொடக்கம் 1, அதாவது முதல் வகுப்பு. 2019 மார்ச்சில் பிறந்த பிள்ளை 2026-ல் அங்கே தொடக்கம் 1, இங்கே அதே வயதுக்காரர்கள் ஜூனில் மூன்றாம் வகுப்பு. ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்று மூன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கினால், முதல் பருவத்திலேயே பிள்ளை திணறும். இரண்டாம் வகுப்புக்கு ஒப்புக்கொள்வதே மேல்.

‘பேசுறான்ல, தமிழ் வந்துரும்’

வராது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி இங்கே தமிழ் கட்டாயப் பாடம், தனியார் சிபிஎஸ்இ பள்ளியிலும் விலக்கில்லை. ஆயாவிடம் (பாட்டியிடம்) சரளமாகப் பேசும் பிள்ளைக்கு ‘ஞ’வும் ‘ங’வும் எழுத வராது, ‘கெ’வும் ‘கே’யும் குழம்பும். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் தினம் அரை மணி நேரம் உயிர்மெய் எழுத வைத்தால் ஜூனில் சமாளிக்கலாம்.

சுற்றுலா விசாவில் சேர்க்கப் பார்ப்பது

முடியாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) உரிய விசாவோ வேண்டும். அந்தப் பிள்ளையைச் சேர்த்த தகவலைப் பள்ளி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பெற்றோர் இருவரும் இந்தியர், பிள்ளை மட்டும் வெளியே பிறந்தது என்றால், பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தீர்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் மத்திய அரசின் அனுமதி கேட்டுத்தான் பதிய முடியும்.

சான்றொப்பம் வாங்காமல் விமானம் ஏறுவது

வளைகுடாவிலிருந்து வரும் மாற்றுச் சான்றிதழில் அந்நாட்டுக் கல்வித் துறை முத்திரையும் இந்தியத் தூதரக முத்திரையும் கேட்கும் பள்ளிகள் உண்டு. சிங்கப்பூர் என்றால் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி அந்நாடே தரும் சான்று) போதும், 2021 முதல் அங்கே தருகிறார்கள். காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கூரியரில் இதை முடிப்பது பெரும்பாடு. அரசுப் பள்ளியில் சேர்ப்பதானால், மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

ஆதார் வரட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு வந்தவுடனே பதியலாம். ஓசிஐ பிள்ளை 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும்.

பழைய எமிஸ் எண்ணை மறப்பது

எல்கேஜி இங்கே படித்துவிட்டு வெளிநாடு போய் வந்த பிள்ளைக்கு எண் ஏற்கெனவே இருக்கும். புதிதாக ஒன்று போட்டால் இரட்டைப் பதிவாகிவிடும். பழைய பள்ளி பிள்ளையின் பதிவை எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளி மூடியிருந்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.